கசிவில்லாத வண்டி

காரின் ஆயில் மூடியைத் திருகி எடுத்ததுமே கௌதமன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மூடியின் உள்பக்கம் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு இருக்க வேண்டிய இடத்தில், டீயில் படிகிற ஆடை நிறத்தில் கொழகொழவென்று ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. விரலால் வழித்து மோந்து பார்த்தான். டீசல் வாடை, என்ஜினைக் குளிர்விக்கிற கூலண்டின் தித்திப்பு வாடை, அதற்கும் அடியில் நாள்பட்ட நோயாளியின் வாயில் அடிக்குமே, அந்த வாடை. சே, இன்னா பைத்தியக்காரத்தனம் என்று விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

“ஆயில்ல தண்ணி கலந்துகினு கீதுண்ணா” என்றான் அருள்முருகன். பழைய டர்போ டீசல் வண்டி என்றால் திருத்தணி பைபாஸில் அவன் ஷெட்டுக்குத்தான் போவார்கள். “ஆயில் கூலர் உள்ளாற ஓட்டையா இருக்கும். இல்லன்னா ஹெட் கேஸ்கெட். டர்போவுக்குப் போற தண்ணி லைனாகூட இருக்கும், சொல்ல முடியாது. பாத்துடலாம், நீ பயப்படாத.”

பார்த்தான், பாவம். கூலரைக் கழற்றிக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கினான். ஒரு குமிழிகூட வரவில்லை. ஹெட்டை லேத்துக்கு அனுப்பினான், விரிசல் இல்லை. கேஸ்கெட் புதுசு, டர்போ லைன் புதுசு, ஆயிலும் புதுசு. மறுநாள் திறந்தால் கூலண்ட் பாதிதான் இருந்தது, மூடியில் அதே ஆடை. வண்டிக்கடியில் தரை காய்ந்து கிடந்தது.

அருள்முருகனுக்கு அது தொழில் தலைவலி. கௌதமனுக்கு அப்படியில்லை. உள்ளே எதை ஊற்றினோம் என்று அவனுக்கல்லவா தெரியும்!

அம்மையார்குப்பத்தில் பெரியப்பா சடகோபனை எடுத்த மறுநாள் நடந்தது அது. கிட்னி போன மனுஷன். தண்ணீரை அளந்துதான் கொடுக்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், நாக்கு வறண்டு, “ஒரே ஒரு முழுங்குடா” என்று வீட்டில் எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டே உயிரை விட்டார். கௌதமனின் மகள் யுவஸ்ரீ, ஆறு வயசு, அவள் மட்டும்தான் மனசு கேட்காமல் தன் பாட்டில் மூடியில் ஊற்றி யாருக்கும் தெரியாமல் கொடுப்பாள். உயிர் போன இடத்தில் விளக்கேற்றி ஒரு சொம்பு தண்ணீர் வைத்தார்கள். காரியம் முடிகிறவரை அது செத்தவர் வந்து குடிக்கிற தண்ணீர், வேறு யாரும் தொடக் கூடாது. காலையில் பெரியம்மா தாயம்மாள் எட்டிப் பார்ப்பாள். குறைந்திருந்தால் வந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

அன்றைக்குக் கிளம்பும்போது வண்டி கொதித்துவிட்டது. கத்திரி வெயில், கரண்ட் இல்லை, துக்கத்துக்கு வந்த கூட்டம் டிரம்மைத் துடைத்து வைத்தாற்போல் காலி பண்ணியிருந்தது. பின்சீட்டில் யுவஸ்ரீ வேர்த்து ஊற்றித் துவண்டு கிடந்தாள். என்ஜின் ஆறியதும், யாருமில்லாத அந்த அறைக்குள் போய்ச் சொம்பை எடுத்து வந்து கூலண்ட் டேங்கில் ஊற்றிவிட்டான். தண்ணி தானே என்ற அசட்டை. கரண்ட் வந்ததும் அதே சொம்பில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டுக் கிளம்பினான். ஆயில் மூடியைத் திறந்து பார்த்த நாளிலிருந்து மகளை அந்த வண்டியில் ஏற்றவேயில்லை. எனக்கு எது வந்தாலும் வரட்டும், அவள் கிட்ட மட்டும் வரக் கூடாது.

அருள்முருகன் கூலண்ட் டேங்கின் வாயில் கசிவைக் கண்டுபிடிக்கிற பிரஷர் டெஸ்டரைப் பொருத்திப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மாவின் போன் வந்தது.

“கௌதமா, சொம்புத் தண்ணி ஒரு விரக்கட குறைய மாட்டேன்துடா. இந்த வெயிலுக்குச் சும்மா வச்சாலே வத்துமே! உங்க பெரியப்பா வூட்டாண்டயே வர்லடா. எங்க போய்த்தான் குடிக்கிறாரோ.”

போனைக் காதில் வைத்தபடியே கௌதமன் டெஸ்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏறி நின்ற முள் சட்டென்று கொஞ்சம் இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது. நின்றது.

“கசிஞ்சா ஒரே சீரா எறங்கும்ணா” என்றான் அருள்முருகன். குரல் தழைந்திருந்தது. “இது இன்னாண்ணா, வுட்டு வுட்டு எறங்குது?”

பைபாஸில் ஒரு லாரி கடந்து போய்ச் சத்தம் அடங்கியது. அப்போது கேட்டது. ரப்பர் குழாய்க்குள்ளிருந்து, மெதுவாக, மடக். முள் இறங்கியது. மடக்.

“வடிச்சுடு” என்றான் கௌதமன்.

“எதண்ணா?”

“எல்லாத்தையும்டா! ஒரு சொட்டு இருக்கக் கூடாது.”

ரேடியேட்டரைத் திறந்துவிட்டு, என்ஜின் பிளாக்கின் திருகைக் கழற்றி, குழாய்களை உருவிக் காற்றடித்தார்கள். பேசினில் சேர்ந்த பச்சைத் தண்ணீரைக் கௌதமனே தூக்கிக்கொண்டு போய் ஷெட்டுக்குப் பின்னால் குழி தோண்டிக் கொட்டி மண்ணைத் தள்ளினான். வண்டி எலும்பாகக் கிடந்தது. சத்தம் இல்லை.

“இங்க இனிமே உனக்கு ஒண்ணும் கிடையாது பெரியப்பா. போய்டு” என்று வாய்விட்டே சொன்னான். ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது வெகுநாளைக்குப் பிறகு தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. மலைமேல் கோயிலில் சாயரட்சை மணி அடித்துக்கொண்டிருந்தது.

வாசலிலேயே மனைவி விஜி ஓடி வந்தாள்.

“போன எடுக்க மாட்டியா நீ? நல்லா ஆடிகினு இருந்த புள்ள, ஒரு மணி நேரமா தண்ணி தண்ணின்றா. எவ்ளோ ஊத்துனாலும் பத்த மாட்டேன்து. உதடெல்லாம் வெடிச்சுப் போச்சுய்யா!”

ஒரு மணி நேரம். அந்தத் திருகைக் கழற்றிய நேரம்.

கரண்ட் இல்லை. அறைக்குள் புழுக்கம். அந்தி வெளிச்சத்தில் யுவஸ்ரீ பாயில் மல்லாந்து கிடந்தாள். கண்கள் குழிக்குள் போயிருந்தன. கையைத் தொட்டான், தோல் சுருங்கியது, சுருங்கினபடியே நின்றது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லு, ஓடு, என்று விஜியை விரட்டிவிட்டு டம்ளரை மகளின் வாயில் வைத்தான். குடித்தாள். முழுக்கக் குடித்தாள். குடித்து முடிப்பதற்குள் நாக்கு உலர்ந்து போயிருந்தது.

“நைனா.” குரல் காய்ந்த ஓலை மாதிரி வந்தது. “தாத்தாவ போதும்னு சொல்லு நைனா.”

யாரும் இல்லை. சுவர். ஜன்னல். கொடியில் அவள் பள்ளிக்கூடச் சட்டை.

வாரித் தூக்கினான். கனமே இல்லை. “பெரியப்பா, என்னக் குடி. உன் கால்ல வுழறேன், அவள வுட்டுடு. என்னக் குடி.”

அவன் வாயில் எச்சில் ஊறியது. நிறைய ஊறியது. யாரும் அதைத் தொடவில்லை.

யுவஸ்ரீ அழுதாள். கடைக்கண்ணில் ஒரு துளி திரண்டது. கன்னத்தில் வழியவில்லை. மேலே எழும்பியது. நூலாக நீண்டு, அவள் முகத்துக்கு ஒரு சாண் மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், காணாமல் போனது.

அடுத்த துளி திரண்டது.