தற்காலிகப் பாதை

புதிய பாதையின் இந்த முனையில் இருந்து யாரும் வெளியே வரவில்லை.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்கால நெரிசல் இப்போதுதான் தொடங்கியிருந்தது; கீழ்த்தளத்தில் ரயில் கொஞ்சம் தாமதமாகியிருக்கும். கையில் ஆறிப்போன காபியோடு, பெயிண்ட் காயாத பலகைச் சுவரில் புடவை பட்டுவிடாமல் தள்ளி நின்றாள். இரண்டு ரயில் தடங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் நிலையம் அது. அதைப் பெரிதாக்கும் வேலைக்காகப் பழைய இணைப்பு வழியை இடித்துப் போட்டாகிவிட்டது. புதியது கட்டி முடியும்வரை ஒரு தடத்தில் இறங்கியவர்கள் அடுத்த தடத்துக்குப் போக, பூமிக்கடியில் பலகை அடித்து ஒரு தற்காலிகப் பாதை. இன்று சாயங்காலம்தான் அதைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதன் ஒவ்வொரு வளைவையும் வரைந்தவள் அவள். கூட்டம் எப்படி நடக்கும், எங்கே தேங்கும் என்று கணினியில் பார்த்து வழி போடுவதுதான் அவளுக்குப் பிழைப்பு, கொஞ்சம் கர்வமும் கூட.

கீழே ரயில் வந்தது உள்ளங்காலில் தெரிந்தது. பாதையின் வாயிலிருந்து சிமெண்ட் தூசியும் வார்னிஷ் நெடியும் ஒரு மூச்சாக வெளியே வந்தன. பிறகு, பலகைக்கு அந்தப் பக்கம், காலடிகள். குதிகால் செருப்புகள், ரப்பர் செருப்புகள், சக்கரம் வைத்த பெட்டி ஒன்று. சத்தம் அவள் நிற்கும் இடம்வரை நெருங்கி வந்தது. அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். சத்தம் அப்படியே வளைந்து, விலகி, வந்த திசைக்கே போய்விட்டது.

வாசலில் யாரும் இல்லை.

கைபேசி அடித்தது. தங்கை. வயிற்றில் ஏழு மாதம். இருவருமாக டாக்டரைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. டாக்ஸியில் வருகிறேன் என்றவளை, 'என் பாதையில வந்து பாரு, சும்மா வழுக்கிக்கிட்டு வருவ' என்று பெருமையடித்து ரயிலில் வரச்சொன்னது அவள்தான்.

"அக்கா, எங்க இருக்க?"

"வெளிய வர்ற வாசல்லயேதான் நிக்கிறேன் குட்டி. நீ?"

"உன் பாதையிலதான் ஊர்வலம் போயிட்டிருக்கேன். நடக்குறேன், நடக்குறேன், முடியவே மாட்டேங்குது. நீ கட்டுனது பாதையா, பெருங்குடலா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு ஆளைச் சுமந்துக்கிட்டு ஆமை மாதிரி வந்தா அப்படித்தான் இருக்கும். போர்டைப் பாத்துக்கிட்டே வா. நடுவுல நிக்காத, இடிச்சுடுவாங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இன்னொரு ரயில் வந்தது. இன்னொரு முறை காலடிகள் நெருங்கி வந்து, வளைந்து, போயின. அவள் வாசலுக்குள் நுழைந்து, கூட்டம் வர வேண்டிய திசைக்கு எதிராக நடந்தாள். முதல் வளைவு திரும்பியதும் பாதை முடிந்துவிட்டது. குறுக்கே வெள்ளைச் சுவர். கை வைத்தபோது பெயிண்ட் விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

பலகை வேலை பார்த்த மேஸ்திரியை ஆள் விட்டுக் கூப்பிட்டாள். காதில் பென்சிலோடு வந்தவர் சுவரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதை யாருங்க அடைச்சது?"

"நாங்கதான் மேடம். விடியறதுக்குள்ள முடிக்கணும்னு உயிரை எடுத்தீங்களே. படத்துல இருந்ததை அப்படியே அடிச்சோம். யாரு நின்னு யோசிச்சா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. கணினியில் ஒரு பாதையைச் சோதிக்கும்போது ஆட்கள் வெறும் புள்ளிகள். பாதை எவ்வளவு கூட்டம் தாங்கும் என்று பார்க்க, வெளியேறும் முனையை அடைத்து, அதை நுழையும் முனையோடு இணைத்துவிடுவார்கள். புள்ளிகள் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க, மேலும் மேலும் புள்ளிகளைக் கொட்டுவார்கள், நெரிசல் எங்கே தொடங்குகிறது என்று தெரியும்வரை. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். சோதனை முடிந்ததும் பழையபடி பிரித்துவிட வேண்டும். அவசரத்தில் அவள் பிரிக்காமலேயே படத்தை அனுப்பிவிட்டிருந்தாள்.

"உடைங்க. இப்பவே உடைங்க. உள்ள என் தங்கச்சி இருக்கா, மாசமா இருக்கா."

மேஸ்திரி ஓடிப்போய்ச் சம்மட்டி எடுத்துவந்தார். சம்மட்டியை ஓங்கிப் போட்டார். பலகை பிளந்தது. பின்னால் வழி இல்லை. கருத்துப்போய், ஈரம் கசிந்து, பாசி ஏறிய பழங்காலத்து கான்கிரீட் இருந்தது. அதன்மேல் விழுந்த அடி சத்தமே எழுப்பவில்லை.

அவர் சம்மட்டியைத் தாழ்த்தினார். "விடியக்காலைல இது இங்க இல்ல மேடம். இதோ, இதுக்கு அந்தப் பக்கம் நின்னுதான் நான் ஆணி அடிச்சேன்."

அவள் ஓடினாள். மாடி ஏறி, தெருவைக் கடந்து, மறுபக்க வாசலில் இறங்கி, பிளாட்பாரத்துக்கு மேலே இருந்த கண்ணாடி அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்தாள். நிலைய மேலாளர் திரைகளுக்கு முன்னால் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"பாதையை மூடுங்க சார். உள்ள போனவங்க யாரும் வெளிய வரல."

"என்னம்மா சொல்றீங்க? வெளிய வரலன்னா இந்நேரம் அடைச்சுக்கிட்டு நிக்கணுமே. நீங்களே பாருங்க, தண்ணி மாதிரி போகுது." திரையைத் தட்டிக் காட்டினார். "இப்ப மூடினா பிளாட்பாரத்துல இருக்கறவன் தண்டவாளத்துல விழுவான். என் வேலையே போயிடும். உண்மையைச் சொன்னா, உங்க பாதைதான் இன்னிக்கு என்னைக் காப்பாத்திச்சு."

திரையில் தலைகள் நகர்ந்துகொண்டிருந்தன. சீராக, ஒருவரையொருவர் முட்டாமல், அவள் ஆசைப்பட்டபடியே. அவள் படியிறங்கிக் கூட்டத்தோடு சேர்ந்து பாதைக்குள் நுழைந்தாள்.

உள்ளே வெளிச்சம் தாராளமாக இருந்தது. அதுவும் அவள் போட்ட கணக்குதான். இருட்டு மூலை இருந்தால் ஜனங்கள் வேகம் குறைப்பார்கள். வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, முன்னால் போகிறவரின் கழுத்தையும் பின்னால் வருகிறவரின் மூச்சையும் தவிர வேறெதுவும் தெரியாமல், வியர்வையும் வார்னிஷும் எங்கோ திரிந்துபோன பாலும் கலந்த ஒரு வெதுவெதுப்பான வாடைக்குள் அவள் தங்கையைத் தேடி நடந்தாள். யாரும் பேசவில்லை. இத்தனை பேர் போகிற வழியில் ஒரு இருமல் கூட இல்லை. காலடிகள் மட்டும், எல்லாம் ஒரே தாளத்தில். தன் காலும் அந்தத் தாளத்துக்கு மாறிவிட்டதை அவள் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள்.

பக்கத்தில் வந்தவரின் காலைப் பார்த்தாள். அலுவலகம் விட்டு வருகிற மனிதர், நல்ல துணியில் சட்டை. ஷூவின் அடி முழுக்கத் தேய்ந்து, மேல்தோல் மட்டும் கணுக்காலைச் சுற்றிக் கிடந்தது. அவர் வெறுங்காலால் நடந்துகொண்டிருந்தார். பாதை திறந்தது இன்று சாயங்காலம்தான்.

"சார், எப்ப உள்ள வந்தீங்க?"

"இதோ, இப்பதாம்மா." அவர் திரும்பவில்லை. "அடுத்த வளைவுல வழி வந்துடும்."

அடுத்த வளைவு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அவள் படத்தில் இத்தனை வளைவுகள் இல்லை. திரும்பிப் போய்விடலாம் என்று உடலைத் திருப்பினாள். பின்பக்கம் பார்த்தால் பாதை என்ற ஒன்றே இல்லாதது போல இருந்தது. போர்டுகளுக்கு ஒரு முகம்தான். திரும்பி நடப்பவர்களுக்கு என்று அவள் எதையுமே எழுதியிருக்கவில்லை. வெற்று வெள்ளைச் சுவர், அதை நிறைத்துக்கொண்டு வரும் முகங்கள். அவற்றில் ஒன்றுகூட அவளைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அவள் தலைக்குமேல் எங்கோ நிலைத்திருந்தன. முதல் தோள் அவள் மார்பில் வந்து மோதியது. இரண்டாவது தோள் அவளைத் திருப்பி நேராக விட்டது.

கைபேசியைக் காதில் வைத்தாள். ஒரே மணியில் தங்கை எடுத்தாள்.

"குட்டி, எங்கடி இருக்க?"

"தெரியலக்கா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு." குரலில் கேலி இல்லை. "கால் ரெண்டும் விட்டுப்போச்சு. வயித்தை வேற அழுத்துறாங்க."

"ஓரமா நில்லு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. நான் வந்துட்டே இருக்கேன்."

"ஓரம் எங்கக்கா இருக்கு?"

ஓரம் இல்லை. நிற்பவர்கள் கூட்டத்துக்குத் தடை என்று, உட்காரும் பெஞ்சுகளையும் ஒதுங்கும் மாடங்களையும் அவள்தான் ஒவ்வொன்றாகப் படத்திலிருந்து அழித்தாள். பாவி, என் பாதையில் வா என்று கூப்பிட்டேனே என்று வாய்விட்டே சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே எங்கோ ரயில் வந்து நின்றது. கதவுகள் திறக்கும் சத்தம். பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது, முரட்டுத்தனமாக இல்லை, மெத்தென்று, எல்லோர் வழியாகவும். இடைவெளி கொஞ்சம் குறைந்தது. கைபேசியோடு காதருகே உயர்த்திய கை அப்படியே மாட்டிக்கொண்டது. மற்றொரு கை இடுப்போடு. இன்னொரு ரயில். விலா எலும்புகள் மூச்சுக்கு இடம் கேட்டன.

வெளியே சத்தமே எழுப்பாத சம்மட்டி, இங்கே சுவருக்கு அப்பால் கேட்டது. மேஸ்திரி இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். "இங்க! இங்க இருக்கோம்!" என்று கத்தினாள். சத்தம் நெருங்கியது. பக்கத்தில் கேட்டது. கடந்து போனது.

ஒரு சுற்று.

மறுபடி சம்மட்டி. மறுபடி கடந்து போனது.

இன்னொரு ரயில்.

"அக்கா." காதோடு அழுந்திக் கிடந்த கைபேசியில் தங்கையின் குரல், தூக்கத்தில் பேசுவது போல. "இப்ப பரவால்லக்கா. கால் வலி போயிடுச்சு. நடக்கவே வேண்டியதில்ல."

"குட்டி, தூங்காத. என்கிட்ட பேசு. பேசிட்டே இருடி."

"வயித்துலயும் இப்ப பாரமே இல்லக்கா."

பாதை மேலேறும் சரிவுக்கு வந்திருந்தது. முன்னால் இருந்தவர்கள் வரிசை வரிசையாக உயர்ந்தார்கள். அவர்களுக்கு நடுவே தங்கையின் பின்னலை அவள் கண்டுவிட்டாள். சில தலைகளுக்கு அப்பால், அவ்வளவுதான். ஒரு அந்நியரின் தோளில் கன்னம் சாய்ந்திருந்தது. அவள் கூப்பிட வாயைத் திறந்தாள். நெஞ்சில் காற்று இல்லை.

அதே வேகம். அதே தாளம். ஆனால் காலடிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அவள் கண்ணைத் தாழ்த்தினாள். உடல்களின் இடுக்கு வழியே சரிவின் தரை தெரிந்தது. துடைத்து வைத்தது போல, சுத்தமாக, காலியாக. அதன்மேல் ஒருவருடைய காலும் ஊன்றியிருக்கவில்லை. எல்லாப் பாதங்களும் தரைக்குச் சற்று மேலே, விரல்கள் கீழ்நோக்கித் தொங்க, மெல்ல மேலேறிப் போய்க்கொண்டிருந்தன. தேய்ந்த ஷூக்கள். ரப்பர் செருப்புகள். தங்கையின் வீங்கிய வெறும் பாதங்கள்.

அந்த இரண்டுக்கும் நடுவே இன்னும் இரண்டு பாதங்கள். மிகச் சிறியவை, ஈரமானவை. அவையும் தரையைத் தொடவில்லை.