முழுகாம இருக்கிறீங்களா?

கல்லடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான், கம்சாயினி. வருசக்கணக்காகக் காத்திருந்து வயிற்றில் ஒன்று தரித்ததும், வேலையை விடச் சொல்லி வீட்டில் ஒரே சண்டை.

"ஈயக் கண்ணாடிக்குப் பின்னால நிக்கிறவளுக்கு என்ன கதிர்? கதிரை அளக்கிற பட்ஜ் சட்டையிலயே கிடக்கு. ஒவ்வொரு முறையும் ஒண்டுமில்ல எண்டுதான் வருது," என்று கணவர் வினோஜனின் வாயை அடைத்தேன். கதிருக்கு நான் பயந்ததேயில்லை.

எந்தப் பெண் வந்தாலும் படத்துக்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். காத்தான்குடியிலிருந்து இருமலோடு வந்த ஸாதியாவிடமும் கேட்டேன்.

"முழுகாம இருக்கிறீங்களா?"

"சுபஹுத் தொழுகைக்கே குளிச்சிட்டுத்தானே வந்தன் மிஸ்!"

சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயோ, வயித்துல பிள்ளை இருக்கா எண்டு கேட்டன்."

"இல்ல மிஸ்."

"ஓம்."

இரண்டாவது குரல் எக்ஸ்ரே அறைக்குள்ளிருந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். விளக்கில்லை, ஆளில்லை. ஏசியின் முனகலும், எங்கிருந்தோ பச்சைப் பால் வாசமும்.

ஸாதியாவுக்கு எதுவும் கேட்கவில்லை. படம் எடுக்காமல் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினேன். பிள்ளை இருந்தது.

அதன்பிறகும் அந்தக் குரல் பிழையாகச் சொன்னதில்லை. பெண்கள் "இல்ல" என்பார்கள். பிள்ளை இருந்தால் உள்ளேயிருந்து "ஓம்" வரும். யாரோ நல்லவள் என்றுதான் நினைத்தேன், பாவி நான்.

எனக்கு ஐந்தாம் மாதம். முந்தின நாளிலிருந்து வயிற்றில் அசைவில்லை. டொக்டர் பின்னேரம்தான் வருவார். அதுவரை பொறுக்க முடியவில்லை. ஆளில்லாத மத்தியான நேரம், மெசினை நிறுத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"நான் முழுகாமத்தானே இருக்கிறன்?"

இருட்டுக்குள் இன்னும் ஓரடி வைத்தேன்.

"சொல்லுங்களன். பிள்ளை இருக்குத்தானே?"

பால் வாசம் என் முகத்தருகே வந்து நின்றது.

"இல்ல."

பின்னேரம் டொக்டர் ஸ்கானில் நெடுநேரம் தேடினார். துடிப்பு இல்லை.

"இது கதிரால இல்ல பிள்ள. உங்கட பட்ஜ் சுத்தமா இருக்கு. சிலருக்கு இப்பிடி நடக்கும்," என்றார்.

பிறகு எதனால் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். சொன்னால் யார் நம்புவார்கள்?

வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. திரும்ப வேலைக்குப் போனேன். முதலில் வந்தவள் ஏறாவூர்ப் பெண், சபீனா. கேள்வியைக் கேட்டேன்.

"இல்ல மிஸ்," என்றாள் சத்தமாக.

அறைக்குள் ஒரு குழந்தை சிணுங்கியது.

"ஷ்ஷ்..." என்றது அந்தக் குரல். "இப்பதான் நித்திரை கொண்டது. மெல்லக் கதைங்க."