தேய்க்கும் கை

தலவாக்கலை பஸ்ஸை விட்டு இறங்கி, கிருஷாந்தி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது பிற்பகலிலேயே பனி ஜன்னல்களை மூடியிருந்தது.

கோடிக் கட்டிலில் அவள் புருஷன் பிரதாப் கிடந்தான். சிறுநீரகம் கெட்டுப்போய், ரத்தத்தைச் சுத்தம் செய்யக் கழுத்து நரம்பில் குழாய் போட்டிருந்தார்கள். இன்று வலது கை தோள்வரை வீங்கியிருந்தது.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எந்த வீக்கத்துக்கும் கற்பூரத் தைலம்தான். அவள் பையிலிருந்து போத்தலை எடுத்தாள்.

யாழ்ப்பாணத்து நர்ஸ் மதுரா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "தேய்க்காதேங்கோ அக்கா. குழாய் போட்ட நரம்பில ரத்தம் கட்டியிருக்கு. தேய்ச்சால் கட்டி கழண்டு நெஞ்சுக்குப் போயிடும், உயிர் தங்காது. கண்டிக்குக் கொண்டுபோக அம்புலன்ஸ் வருது. அதுவரைக்கும் ஒருத்தரையும் தொட விடாதேங்கோ."

நல்லது செய்யப்போய்ப் புருஷனையே கொல்லப் பார்த்தேனே என்று நொந்தபடி கிருஷாந்தி காவல் உட்கார்ந்தாள்.

கரண்ட் போனது.

தைல வாசம் வந்தது. போத்தலோ நர்ஸின் மேசையில் இருந்தது.

பிறகு சத்தம். எண்ணெய்த் தோலில் உள்ளங்கை வழுக்கும் சத்தம், நிதானமாக.

பிரதாப் கண்ணைத் திறக்காமலே முனகினான். "சொகமா இருக்கு புள்ள. இன்னும் மேல தேய்."

"நான் தொடலங்க."

கட்டிலின் அந்தப் பக்கம் யாருமில்லை. ஆனால் வீங்கிய கையில் ஐந்து விரல் தடம், தேயிலைக் கறையோடு, முழங்கையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கட்டில் சின்னத்தம்பி போர்வைக்குள்ளிருந்து கிசுகிசுத்தார். "மீனம்மாதாம்மா. போன மழைக்கு அவ புருஷன் இதே கட்டில்ல இப்படித்தான் வீங்கிக் கெடந்தான். நர்ஸ் மிஸி சொல்லியும் கேக்காம ஆசையா தேச்சுவிட்டா. அவ கையிலயே போயிட்டான். கருமாதிக்கு முந்தி அவளும் போய்ச் சேந்துட்டா. வீங்குன கையக் கண்டா இன்னமும் அவளுக்கு மனசு கேக்கல."

கிருஷாந்தி பாய்ந்து தன் இரு கைகளையும் பிரதாப்பின் தோளில் அணையாக வைத்தாள்.

"மீனம்மாக்கா, விட்டுருங்க. கும்பிட்டுக் கேக்கிறேன். எனக்கு இவரு வேணும்."

சத்தம் நின்றது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வெளியே அம்புலன்ஸ் வந்து நின்றது. கரண்டும் வந்தது. ஓடிவந்த மதுரா பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"அக்கா, கையை எடுங்கோ."

கிருஷாந்தி குனிந்து பார்த்தாள். தைலம் சொட்டும் அவளுடைய கைகள் பிரதாப்பின் தோளிலிருந்து நெஞ்சுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தன.

அவன் முனகல் நின்றிருந்தது.

எடுக்கப் பார்த்தாள். கைகள் அவள் சொல்லைக் கேட்கவில்லை. மெல்ல, ஆசையாக, தேய்த்துக்கொண்டே இருந்தன.