மாப்பிள்ளையின் கால்கள்

தூத்துக்குடியை ஜோவிட்டா அதுவரை பார்த்ததே இல்லை. ஆனாலும் ரயிலை விட்டு இறங்கியதும் தானோட்டி வண்டிக்கு அவள்தான் வழி சொன்னாள்.

“மார்க்கெட் பக்கம் போகாத, இந்நேரம் நெரிசலா இருக்கும். பின்பக்கமாப் போ.”

இயந்திரம் சற்று யோசித்து, அவள் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டது.

காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பழகிவில்லையின் வேலை அது. ஓர் ஊர்க்காரர் பல மாதம் அதை அணிந்து நடமாடினால், தெருக்களும் சந்துகளும் வாடைகளும் அவர் உடம்பில் ஊறியிருக்கும் விதம் அப்படியே பதிவாகும். அடுத்தவர் ஒட்டிக்கொண்டால் அவருக்கும் ஊறும். எண்ணங்கள் பதிவாவதில்லை, உடம்பின் பழக்கம் மட்டுமே என்று விற்பவர்கள் சத்தியம் செய்தார்கள். வெளியூர்ப் பெண் எடுத்தால், நிச்சயப் புடவையோடு மாப்பிள்ளையின் பழகிவில்லையையும் தட்டில் வைத்து அனுப்புவது அங்கே வழக்கமாகிவிட்டது. வந்து இறங்கும்போதே மருமகள் ஊர்க்காரி. எவ்வளவு சௌகரியம்!

இந்த ஊரை விட்டு வர முடியாது என்று மாப்பிள்ளை ரெக்ஸன் சொல்லியிருந்தான். கல்யாணத்துக்குப் பின் தன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது அவன் அம்மா அமலோற்பவத்தின் நிபந்தனை. சம்மதித்தால், ஆசைப்பட்டுச் சேர்ந்த கிருஷ்ணகிரி ஆய்வக வேலையை ஜோவிட்டா விட வேண்டும். ஊரைப் பார்த்துவிட்டு இன்று சாயங்காலம் பதில் சொல்கிறேன் என்று தனியாக வந்திருந்தாள்.

முதலில் கடல். சிறுவயதிலிருந்து ஏங்கிய கடல். வண்டி கடற்கரைச் சாலையில் போனபோது அவள் தலை திரும்பவே இல்லை. வலுக்கட்டாயமாகத் திருப்பிப் பார்த்தாள். ஆமாம், கடல். தினம் பார்ப்பதுதானே. கிடக்கட்டும்.

அவளுக்கு அழுகை வந்தது. முதல்முறை பார்ப்பது என்பதையே யாரோ திருடிக்கொண்டார்கள். வில்லையைப் பிய்த்து எறிந்தாள். பயனில்லை, ஊறியது ஊறியதுதான்.

இறங்கி நடந்தாள். கால்கள் நிற்கவில்லை. துறைமுக வாசல், ரயில்வே கேட், மக்ரூன் கடை என்று இழுத்துக்கொண்டு போயின. ரெக்ஸன் வீட்டுத் தெருமுனை வந்தால் மட்டும் சட்டென்று எதிர்ப்பக்கம் தாண்டின. திரும்பி வந்தால் மறுபடியும் தாண்டின. கடைசியில் பஸ் ஸ்டாண்டில், சென்னை வண்டிகள் புறப்படும் இடத்தில்தான் ஓய்ந்தன. அங்கேதான் அவளால் நிம்மதியாக மூச்சுவிட முடிந்தது.

தேடிக்கொண்டு ரெக்ஸன் வந்தான்.

“என்ன, வழி தெரியலயா? என் வில்லைதான ஒட்டுன?”

“வழி நல்லாவே தெரியுது. கால்தான் உங்க வீட்டுக்குள்ள போகமாட்டேங்குது. தினமும் இங்க வந்து நிப்பீங்களா?”

அவன் முகம் வெளுத்தது.

“அம்மாட்ட சொல்லிராத.”

“இந்த ஊரை விட்டு வரவே முடியாதுன்னீங்க?”

“அப்ப அம்மா பக்கத்துல இருந்தா, அதான் அப்படிச் சொன்னேன். அப்பா தவறினப்புறம், அவளத் தனியா விட்டுட்டுக் கெளம்புதேன்னு எப்படிச் சொல்ல?”

ஜோவிட்டாவுக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக நிம்மதியும் வந்தது. இருவரும் சேர்ந்தே போய்ச் சொல்லிவிடலாம் என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சில், கையில் பையோடு அமலோற்பவம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள்.

“அம்மா? நீ எங்க இங்க?”

அவள் ஏதோ குற்றம் செய்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மருமவளுக்குக் குடுக்குற சாமானப் பாக்காம தட்டுல வைக்க முடியுமால? நல்லா இருக்கான்னு நாந்தான் மொதல்ல ஒட்டிப் பாத்தேன். அன்னைலருந்து வீட்டுல இருப்புக்கொள்ளல. உங்க அப்பா கட்டுன வீடு. எவ்வளவு ஆசையா இருந்தேன். இப்பம் வாசப்படிய மிதிச்சாலே நெஞ்ச அடைக்கி. யார்ட்டயும் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

சென்னை வண்டி வந்து நின்றது. அமலோற்பவம்தான் முதலில் எழுந்தாள்.

“நீங்க எங்க போனாலும் நானும் வாரேன். இவ்வளவு நாளா எப்பிடில அந்த வீட்டுல இருந்த?”