நெஞ்சுக்குள் ஒரு கதவு

சக்கரபாணியின் நெஞ்சிலிருந்து வரும் ஓசை அன்று மதியம் ஈரமாகக் கேட்டது.

மணியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். தொண்ணூற்றேழில் சென்னையில் கணவரின் இதயத்தில், கதவுபோல் திறந்து மூடும் உலோக வால்வு வைத்தார்கள். இரண்டு வருடமாக அந்த டிக் டிக் கூடத்திலிருந்து அடுப்படிவரை கேட்கிறது. வாயைத் திறந்தால் இன்னும் துல்லியமாகக் கேட்கும். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் வந்தால் அவர் ஆவென்று திறந்து காட்டுவார்.

"கேளு ஜோதி, சாவி குடுக்காமயே ஓடுது."

"மூடுங்கண்ணா, பயமா இருக்குது" என்று அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். பொத்துவது பயத்தால் அல்ல என்று மணியம்மாளுக்குத் தெரியும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தந்த டாக்டர், காயம் பட்டால் ரத்தம் லேசில் நிற்காது என்று எச்சரித்திருந்தார். ஒருநாள் பல் விளக்கிய எச்சில் சிவப்பாக விழவும், மணியம்மாள் பிரஷ்ஷைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள். அதற்குப்பின் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதோடு சரி. ஈறு வீங்கியது. சீழ் கோத்தது. பூச்சாடியில் அழுகிய தண்ணீரைப் போன்ற நாற்றம் தலையணையிலும் டம்ளர் விளிம்பிலும் அவர் போர்த்திய துண்டிலும் ஏறி, துவைத்தும் போகாமல் தங்கிவிட்டது.

பத்து நாளாகச் சாயங்காலமானால் காய்ச்சல். இன்று அவர் நகங்களுக்கடியில், முள் ஏறியதுபோல் கருஞ்சிவப்புக் கோடுகள்.

தெருக்கோடி டாக்டர் ரஹமத்துன்னிசா வந்து நகத்தைப் பார்த்தார். வாயைப் பார்த்தார். நெஞ்சில் வெகுநேரம் குழாயை வைத்திருந்தார்.

"பல்லு விளக்குறதில்லையா?"

"ரத்தம் வருதேன்னு நான்தாம்மா நிறுத்திட்டேன்."

டாக்டர் காதிலிருந்து குழாயைக் கழற்றினார். "ஈறுல இருக்குற கிருமி ரத்தத்தோட போயி வால்வுல உக்காந்துக்கும்மா. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"தீபம் பாத்துட்டுப் போலாம், மணி" என்றார் சக்கரபாணி. "காலைலேர்ந்து பட்டினி கெடக்குறேன்."

அவள் கேட்கவில்லை. ஆட்டோ பிடிக்க ஓடினாள். கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் தெருவை அடைத்திருந்தது. ஆட்டோக்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜோதியம்மாளின் புருஷன் கட்டில் தூக்க ஆள் தேடிப் போனான். திரும்பவில்லை.

மலையில் தீபம் ஏறும்வரை யாரும் விளக்கேற்றுவதில்லை. வீடு மெல்ல இருண்டது. சுவர் போனது. கட்டில் போனது. ஓசை மட்டும் மிஞ்சியது, ஈரத்துணியில் சுற்றிய எதையோ யாரோ உள்ளிருந்து தட்டுவதுபோல. டப். வெகுநேரம் கழித்து, டப்.

பிறகு இல்லை.

"ஏங்க."

நெஞ்சில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. காதை வைத்தாள். ஒன்றுமில்லை.

வெளியே அரோகரா என்று ஊரே முழங்கியது. ஜன்னலில், மலையுச்சியில், ஒரு சிவப்புப் புள்ளி. அகலை ஏற்றி அவர் முகத்தருகே கொண்டுபோனாள். வாய் திறந்திருந்தது. சுடர் அசையவில்லை. மூச்சில்லை.

டிக்.

அவள் உறைந்தாள்.

டிக். துல்லியமாக. புதிதுபோல.

நெஞ்சிலிருந்து அல்ல.

விளக்கைச் சாய்த்தாள். கறுத்த ஈறு. ஆடும் பல். நாற்றம். அதற்கும் உள்ளே, நாக்கின்மேல், ரத்தம் பூசிக்கொண்டு சின்னதாக ஒன்று திறந்தது. மூடியது. திறந்தது.