கூரையில்லாத பட்டி

வைக்கோல் சரசரக்கவில்லை. ஒர்னெல்லா முதலில் கவனித்தது அதைத்தான். காலையில் அவளும் கணவன் சில்வானோவும் முயல்களையெல்லாம் கம்பிக்கூண்டுகளிலிருந்து எடுத்து, புதிதாக அடைத்த பட்டியில், கணுக்கால் புதைய வைக்கோல் பரப்பி விட்டிருந்தார்கள். கொட்டகைக்கு வெளியே நின்றாலே ஓட்டமும் குதிப்பும் கேட்க வேண்டும். கேட்டதெல்லாம் மின்விசிறியின் முனகலும், ஓட்டு விளிம்பிலிருந்து மூடுபனி சொட்டுகிற சத்தமும்தான்.

உள்ளே மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. முயல்கள் இரண்டிரண்டாக, வரிசை பிசகாமல் உட்கார்ந்திருந்தன. கூண்டில் எப்படி இருந்தனவோ அப்படியே. கொட்டகைக் கூரை எங்கோ உயரத்தில் இருந்தது. அவை காதுகளை முதுகோடு மடித்து, தலையைத் தாழ்த்தியிருந்தன, மேலே ஏதோ இடிப்பதுபோல.

சில்வானோ சிரித்தான். "ஆயுசு முழுக்க ஜெயில்ல இருந்தவன வெளிய விட்டா வாசல்லயேதான் நிப்பான். பழகிடும், விடு."

பழகவில்லை. கூண்டு முயலை இனிமேல் எடுப்பதில்லை என்று, அவர்களிடம் முயல் வாங்கும் வெரோனா நகரத்து வியாபாரி சொல்லியிருந்தார். ஓடியாடி வளர்ந்தால் தொடைக்கறி சிவந்து, கடிக்கக் கெட்டியாக இருக்கும். அடைபட்டு வளர்ந்தால் வெளுத்து, தண்ணீர் கோத்துக்கொள்ளும். அதற்காகத்தான் இத்தனை செலவும். இரண்டு வாரம் கழித்து ஒர்னெல்லா பட்டியிலிருந்து ஒன்றை எடுத்துச் சமைத்தாள். கையில் தூக்கும்போது அது திமிறக்கூட இல்லை. தோலை உரித்தபோது உள்ளே சிவப்பே இல்லை, மெழுகுபோல் இருந்தது. தொடையை விரலால் அழுத்தினாள். எலும்பு சத்தமில்லாமல் முறிந்தது.

சோளமாவுப் பொலெந்தாக் களியோடு அதைத் தட்டில் வைத்தாள். சில்வானோ தலை நிமிராமல் சாப்பிட்டு, மெத்தென்று இருப்பதாகச் சொன்னான். தீனித்தொட்டியில் போட்டது போட்டபடி கிடப்பதையும், ஆனாலும் அவை கொழுத்துக்கொண்டே போவதையும் அவள் சொன்னாள். அவன் இன்னொரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். அவளும் அதோடு விட்டுவிட்டாள். பயப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. பயம்தான் வரவில்லை, பனியில் வெகுநேரம் வேலை செய்த விரல்களைப்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு அவன் கொட்டகையிலேயே அதிகம் இருந்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பொழுதெல்லாம் அங்கே கழித்தவன்தான். இப்போது வேலை ஒன்றும் இல்லாமலே போனான். அங்கே என்னதான் செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணும் செய்யல. அதுங்களோட சும்மா உக்காந்திருக்கேன். நல்லாருக்கு."

சாப்பாடு குறைந்தது. முகம் மட்டும் உப்பி வெளுத்தது.

மூடுபனி நண்பகலிலும் விலகாத ஒருநாள் அவன் சாப்பிட வரவில்லை. ஒர்னெல்லா வாசலில் நின்று கூப்பிட்டாள். களி ஆறி ஏடு கட்டியது. மேலங்கியைப் போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். பாதி வழியில் வீடும் தெரியவில்லை, கொட்டகையும் தெரியவில்லை, ஈரத் தீனியின் வாடையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

மின்விசிறி நின்றிருந்தது. கதவைத் தள்ளினாள்.

வரிசைகள். வெள்ளை முதுகுகள். மூச்சு மட்டும்.

நாலாவது வரிசையின் கடைசியில் சில்வானோ. முழங்காலை மடித்து, கைகளை மார்புக்கடியில் செருகி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உச்சி முடி அழுந்திப் படிந்திருந்தது. கண்ணாடிப் பலகையை வைத்து அழுத்தியதுபோல. மற்றவை ஜோடி ஜோடியாக இருந்தன. அவன் மட்டும் தனியாக.

"எந்திரி. சாப்பிட வா" என்றாள். குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது.

அவன் திரும்பவில்லை. மூக்கு நுனி மட்டும் துடித்தது.

பட்டித் தடுப்பைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தாள்.

"குனிஞ்சு வா" என்றான் மெதுவாக. "தல இடிக்கும்."

மேலே பார்த்தாள். ஒன்றுமில்லை. தூரத்துக் கூரை. ஒட்டடை. கையைப் பட்டிக்குள் நீட்டி உயர்த்தினாள். காதளவுக்கு மேல் அது போகவில்லை. விரல்களில் சில்லிப்பு. கம்பி. கட்டம் கட்டமாக.

குனிந்தாள்.

அப்போதுதான் வைக்கோல் சரசரத்தது. கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து அசையாத முயல்கள், வரிசை முழுக்க, ஒரே நேரத்தில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தன. சில்வானோவின் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது.