கொசுறு பல்பு

ஒரே ஒரு பல்புக்குச் சுவரில் ஒரு நிழல் அதிகமாக இருந்தது.

அலி அக்பர் முதலில் அதைக் கண்ணின் குற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டான். அந்தி நேரத்து மகரிபு தொழுகை முடிந்திருந்தது. ராயபுரத்து மாடி வீட்டின் ஜன்னல் வழியே காசிமேட்டுக் கருவாட்டு வாடையும், ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் உறுமலும் ஒன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. சுவரிலிருந்த டிம்மரை அவன் திருகத் திருக, வெளிச்சம் மஞ்சளாகி, தேனாகி, கடைசியில் ஆறிப்போன டீயின் நிறத்தில் வந்து நின்றது. உத்தரத்தில் கட்டிய தூளிக்கு ஒரு நிழல். பாயில் உட்கார்ந்து தூளியை ஆட்டிய மனைவி சபீஹாவுக்கு ஒரு நிழல். அவனுடையது அவனுக்குப் பின்னால் கதவில் கிடந்தது. தூளிக்கும் சபீஹாவுக்கும் நடுவே, முக்காடு போட்ட தலையைத் தூளிப் பக்கம் சாய்த்தபடி, இன்னொன்று.

வெளிச்சத்தைக் கூட்டினான். இல்லை. குறைத்தான். இருந்தது.

"இன்னாங்க வெளாட்டு இது? புள்ள முழிச்சிக்கும்," என்றாள் சபீஹா. அவள் சுவரைப் பார்க்கவில்லை.

பிள்ளைக்காகத்தான் இத்தனையும். உஸ்மா பிறந்த கையோடு மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டி நீல விளக்குக்கு அடியில் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, டியூப் லைட்டைப் போட்டால் மூச்சு நின்றுவிடும்போல வீறிட்டாள். முழு இருட்டும் ஆகாது. மங்கலாக ஒரு வெளிச்சம் வேண்டும். பழைய குண்டு பல்பு அதைத் தந்தது. கூடவே கரண்டையும் குடித்தது.

அதனால்தான் முந்தின நாள் வண்ணாரப்பேட்டையில் பாரியின் எலெக்ட்ரிக் கடை ஏறினான்.

"சாதா எல்.இ.டி.ய டிம்மர்ல மாட்டுனா கண்ணடிக்கும் பாய். அட்டையில டிம்மபிள்னு போட்டிருக்கணும். இது ஒம்போது வாட்டு, மஞ்ச வெளிச்சம். கொயந்தைக்கு எதமா இருக்கும்."

"வெலைய மட்டும் எதமா சொல்லிடாத நைனா."

பேரம் முடிந்தது. ஆனால் வியாபாரம் முடியவில்லை. கழித்துப்போட்ட கப்பல் சாமான்களை ஏலம் எடுத்து விற்கிற குடும்பம் அவனுடையது. வாங்கியதற்கு மேல் கொசுறாக ஒன்று கேட்காமல் கடைப்படி இறங்குவதை அவர்கள் மானக்கேடாக நினைப்பவர்கள். மேசைக்கு அடியில், அட்டையில்லாமல் ஒரு பல்பு கிடந்தது.

"அத்த வுடு பாய். இடிச்ச வூட்லேர்ந்து கயட்டினது."

"எரியுமா?"

"எரியும்."

"டிம்மர்ல கொறையுமா?"

பாரி அதைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினான். "நல்லா கொறையும். அதான் வேணான்றேன்."

கடைக்காரன் கொடுக்கத் தயங்கும் சரக்கில் ஏதோ இருக்கிறது என்பது அலி அக்பருக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். குனிந்து, அவனே எடுத்துக்கொண்டான். வீட்டில், காசு கொடுத்து வாங்கியதைப் பிரிக்காமல் பீரோவில் வைத்தான். ஓசியில் வந்தது முதலில் தேயட்டும்.

இப்போது அது அவன் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது. பல்பிலிருந்து, ஈரத் துணியை இஸ்திரி போடும்போது வருகிற வாடை. சபீஹா சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தாள். இரண்டு கையும் மடியில். தூளி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. காற்றில்தான் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டான். ஜன்னல் திரை அசையவில்லை. சுவரில், அந்த நிழலின் கை தூளிக் கயிற்றின் நிழலைப் பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் பல்பைப் பாரியின் மேசையில் வைத்தான்.

"வாபஸ் எடுத்துக்கோ."

"கொசுறுக்கு ஏது பாய் வாபஸ்?" பாரி அதைத் தொடவில்லை. "எங்க மாட்டுன?"

"தூளி ரூம்ல."

பாரி எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினான். "தூக்கிக் கடாசிடு. பல்பு போயிடும். கூட வந்தது போவுமான்னு என்னைக் கேக்காத."

காசிமேட்டுப் பாறைகளில் அதை அடித்து உடைத்தான். பொழுது சாய்ந்த பிறகு, தூளியிலிருந்து வெளியே நீட்டிய உஸ்மாவின் குட்டிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் புது பல்பை மாட்டினான். பிஸ்மில்லா சொல்லி டிம்மரைத் திருகினான். கண்ணடிக்கவில்லை. சுத்தமான மஞ்சள். குறைத்தான். இன்னும் குறைத்தான்.

சுவரில் தூளியின் நிழல். பக்கத்தில் சபீஹாவின் நிழல். அவ்வளவுதான்.

சுவரைப் பார்த்தபடியே சிரித்தான். "சபீஹா, போயிடுச்சு புள்ள."

"இன்னா போச்சு?"

குரல் அடுப்பங்கரையிலிருந்து வந்தது.

மெல்லத் திரும்பினான். பாயில் யாரும் இல்லை. சுவரில் மட்டும் அது உட்கார்ந்திருந்தது. அதன் மடியில், சின்னதாக ஒன்று. காலை உதைத்தது.

தூளியை விரித்தான். தலை அழுந்திய குழி. பால் வாடை. ஆறாத சூடு. வேறொன்றும் இல்லை.

கை தானாக டிம்மருக்குப் போனது. பாதியில் நின்றது. கூட்டினால் அது மறைந்துவிடும். மடியில் இருப்பதும்.

"வேற இன்னா வேணாலும் கேளு," என்றான் சுவரிடம். "என்னை எடுத்துக்கோ."

நிழல் தலையை ஆட்டியது. இடம், வலம். அவசரமில்லாமல். விலை படியாதபோது அவன் எத்தனையோ பேரிடம் ஆட்டியது அப்படித்தான்.

சுவருக்குள் குழந்தை சப்புக்கொட்டும் சத்தம்.

பின்னால் வளையல் சத்தம். கதவு திறந்தது.

"இருட்டுல நின்னுகினு இன்னா பண்றீங்க? தூளி காலியா கெடக்கு, புள்ள எங்க?"

டியூப் லைட் சுவிட்ச் கதவோரம்தான். வேண்டாம் என்று சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் கை அதில் பட்டது.

டக்.

டியூப் லைட் வழக்கம்போல உடனே எரியவில்லை. சிமிட்டியது. வெள்ளை. இருட்டு. வெள்ளை. ஒவ்வொரு இருட்டிலும், சுவரிலிருந்து ஒரு பிஞ்சுக் கை அவன் பக்கம் நீண்டது.